கொல்லைப்புறமும் ஒரு பள்ளிக்கூடமே

(படப்பையில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

வட்டார வளர்ச்சி அலுவலர் பேச வந்தால் சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றித்தான் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். இன்று நாம் அவற்றைப் பற்றிப் பேசப் போவதில்லை. உங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தைப் பற்றியும், மாலைப் பொழுதிலும் விடுமுறை நாட்களிலும் அங்கே விளையாடிக்கொண்டிருக்கும் உங்கள் குழந்தையைப் பற்றியும் பேச விழைகின்றோம். செடி வளர்ப்பதன் வாயிலாகவும், ஓலை முடைதல், மண் பிசைதல், கயிறு திரித்தல் போன்ற கைவேலைகளின் வாயிலாகவும், பிள்ளைகள் வீட்டிலிருந்தபடியே கணக்கும் மொழியும் அறிவியலும் கற்பது எங்ஙனம் என்பதே இன்றைய பொருள்.

இது கல்வித் துறையாரின் வேலையன்றோ என்று சிலர் கேட்கலாம். 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் நம் நாட்டில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றது. பாலமும் கிணறும் கட்டுவது மட்டும் அதன் நோக்கமன்று. ஊர் மக்கள் தம் ஆற்றலைத் தாமே உணர்ந்து எழவேண்டும் என்பதே அதன் உட்கருத்து. அவ்வாறாயின், ஊரின் நாளைய மக்கள் எதைக் கற்கின்றனர், எதைக் கல்லாமல் விடுகின்றனர் என்பதும் நம் கவலைக்கு உரியதேயாம்.

நம் ஊர்ப் பிள்ளைகளின் இன்றைய நிலை

நம் பகுதி வேகமாக மாறிவருகின்றது. ஒரகடத்தில் தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையின் இருமருங்கிலும் நெல் விளைந்த நிலங்களில் மனைக்கற்கள் நிற்கின்றன. இதனைக் குறையாகச் சொல்ல வரவில்லை. அத்தொழிற்சாலைகளின் ஊதியத்தால் அடுப்பெரியும் வீடுகள் இங்கே பல உண்டு. ஆயினும், ஏரியும் வயலும் சூழ்ந்த ஊரிலே பிறந்தும், விதைநெல்லுக்கும் அரிசிக்கு வைத்த நெல்லுக்கும் வேறுபாடு அறியாத பிள்ளைகள் பெருகிவருகின்றனர் என்பதை நீங்களே காண்கின்றீர்கள். நூலில் ‘முளைத்தல்’ என்னும் பாடத்தை நெட்டுருச் செய்த பிள்ளை, வீட்டின் பின்னால் முளைத்திருக்கும் பாகற்கன்றை மிதித்துக்கொண்டு போகின்றது. படிப்பு ஒருபுறமும் வாழ்க்கை ஒருபுறமுமாகப் பிரிந்து நிற்கின்றன.

வீட்டில் கற்பது என்பதன் தேவையை நாம் அனைவரும் ஒரே காலத்தில் உணர்ந்தோம். 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொரோனா நோயின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டன. நம் மாநிலத்தில் ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் 2021ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்றுதான் மீண்டும் திறந்தன. கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது. ஆனால் பல வீடுகளில் ஒரே கைபேசி. அதுவும் தந்தையுடன் வேலைக்குச் சென்றுவிடும். 2021 அக்டோபர் 27ஆம் நாள் விழுப்புரம் மாவட்டத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பெற்றது. தன்னார்வலர்கள் மாலை வேளையில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கற்பித்தனர். அக்காலம் நமக்கு ஒன்றைத் தெளிவாகக் காட்டியது. வீட்டில் செய்வதற்கு ஒன்றும் இல்லாத பிள்ளை, வீட்டில் கற்பதில்லை. பள்ளி எப்பொழுது திறக்கும் என்று வெறுமனே காத்திருக்கின்றது. கையில் ஒரு வேலையும், அதைக் குறித்துவைக்க ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்த பிள்ளையோ மறவாமல் இருந்தது.

ஒரு தந்தையின் கேள்வி

இக்கருத்தை நாம் முதன்முதல் ஓர் ஊரில் எடுத்துரைத்தபொழுது, பின்வரிசையில் அமர்ந்திருந்த ஒருவர் எழுந்தார். அரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடுபவர். எஞ்சிய நாட்களில் கூலி வேலை. அவர் கூறினார்: “ஐயா, என் தாய் நாற்று நட்டாள். என் மனைவியும் நாற்று நடுகிறாள். என் மகளாவது சேற்றில் இறங்காமல் இருக்கட்டும் என்றுதான் பள்ளிக்கு அனுப்பினேன். அவள் கையில் மறுபடியும் நாற்றைக் கொடு என்கிறீர்களே, இது நியாயமா?”

கூட்டம் அமைதியாயிற்று. நமக்கும் உடனே விடை தோன்றவில்லை. அவர் கேட்டது வீண் கேள்வியன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறியாமல் எவரும் நம் நாட்டில் ‘கைத்தொழில் வழிக் கல்வி’ என்று பேசலாகாது.

1937ஆம் ஆண்டு அக்டோபர் 22, 23 ஆகிய நாட்களில் வார்தாவில் காந்தியடிகளின் தலைமையில் ஒரு கல்வி மாநாடு கூடியது. ஏதேனும் ஒரு கைத்தொழிலை நடுவாக வைத்து, அதிலிருந்தே எழுத்தும் எண்ணும் பிற அறிவும் கிளைக்குமாறு கற்பித்தல் வேண்டும் என்பது அடிகளின் கருத்து. டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையில் ஒரு குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. நூல் நூற்றல், உழவு, மரவேலை முதலியன அதில் இடம்பெற்றன. அதுவே ஆதாரக் கல்வி எனப் பெயர் பெற்றது. அப்பணியைச் சேவாகிராமத்தில் முன்னின்று நடத்தியவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழரான ஆரியநாயகம் என்பதும், அவருக்குத் துணைநின்றவர் அவர்தம் துணைவியார் ஆஷாதேவி என்பதும் நாம் நினைவில் கொள்ளத்தக்கவை. நம் மாநிலத்தில் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் நிறுவிய காந்திகிராமம் அந்நெறியில் நடந்தது.

பின்னர் 1953ஆம் ஆண்டு வந்தது. ராஜாஜி முதலமைச்சராயிருந்த காலம். ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே வகுப்பு. எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் வீட்டிலிருந்து தம் பெற்றோரின் தொழிலைக் கற்கவேண்டும் என்று ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. இருக்கின்ற கட்டடங்களையும் ஆசிரியர்களையும் கொண்டே, இரண்டு முறைகளாக வகுப்பு நடத்தி, மேலும் பல பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசு கூறிய காரணம். ஆனால் தந்தையின் தொழிலைப் பிள்ளை கற்பதென்றால், சாதியின் தொழில் சாதியோடு தங்கிவிடும் அன்றோ? பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் அதனைக் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்துக் கடுமையாக எதிர்த்தனர். ஆளுங்கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. அவர் பள்ளி நேரத்தைக் குறைக்கவில்லை. பள்ளிகளைப் பெருக்கினார், 1956இல் நண்பகல் உணவும் அளிக்கச் செய்தார்.

குத்தகை உழவரின் கேள்வியில் ஒலித்தது இந்த நினைவே. ஆகவே கைவேலை வழிக் கல்வி நன்றா, தீதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்த நேரத்தில், யாருக்கு, எதற்காக என்று கேட்டல் வேண்டும். அவ்வாறு கேட்டு, மூன்று விதிகளை நாம் வகுத்துக்கொண்டோம்.

முதலாவது: பள்ளி நேரத்தில் ஒரு மணித்துளியும் குறைதல் கூடாது. வீட்டுக் கல்வி பள்ளிக்கு மாற்று அன்று, பள்ளிக்குத் துணை. 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் பள்ளிக் கல்வி உரிமையாகும்.

இரண்டாவது: தந்தையின் தொழிலைப் பிள்ளைமேல் சுமத்துதல் கூடாது. குயவர் வீட்டுப் பிள்ளை கணக்கெழுதட்டும். கணக்கர் வீட்டுப் பிள்ளை மண் பிசையட்டும். ஆண் பிள்ளைகள் ஊசி பிடிக்கட்டும். பெண் பிள்ளைகள் சுத்தியல் பிடிக்கட்டும். எல்லாப் பிள்ளைகளும் எல்லா வேலைகளையும் தொட்டறிதல் வேண்டும்.

மூன்றாவது: வேலையின் முடிவு சந்தையில் அன்று, நோட்டுப் புத்தகத்தில். பிள்ளை முடைந்த விசிறி கோணலாக இருந்தால் குற்றமில்லை. ஏன் கோணிற்று என்று எழுதியிருந்தால் போதும்.

செடி கற்பிக்கும் பாடம்

முன்பு நாம் பணியாற்றிய ஓர் இடத்தில் நேர்ந்த தவறு ஒன்றை மறைக்காமல் கூறுகின்றோம். மாணவர்க்கெல்லாம் ஆளுக்கொரு மரக்கன்று கொடுத்து, விழா எடுத்துப் படமும் பிடித்தோம். மூன்று திங்கள் கழித்துப் பார்த்தபொழுது பெரும்பாலான கன்றுகள் இல்லை. கன்றைக் கொடுத்தோமே தவிர, அதைக் காண்பதற்குக் கற்றுக்கொடுக்கவில்லை. கண்டு எழுதுவதற்கு ஒன்றும் இல்லாத பிள்ளைக்குக் கன்று ஒரு சுமையே.

ஆகவே கன்றிலிருந்து தொடங்க வேண்டா, விதையிலிருந்து தொடங்குங்கள். வீட்டில் சேமித்த விதைநெல்லில் 100 மணிகளைப் பிள்ளையே எண்ணி எடுக்கட்டும். நனைந்த துணியில் அவற்றை வரிசையாகப் பரப்பிச் சுருட்டி, நிழலில் வைத்து, துணி காயாமல் நீர் தெளித்து வரட்டும். ஒரு வாரம் சென்றபின் பிரித்து, முளைத்தவை எத்தனை, முளையாதவை எத்தனை என்று எண்ணட்டும். நூற்றுக்கு எத்தனை என்னும் விழுக்காட்டுக் கணக்கு அப்பொழுது பிள்ளையின் உள்ளங்கையில் இருக்கும். சான்றுபெற்ற நெல் விதைக்கு முளைப்புத்திறன் நூற்றுக்கு 80க்குக் குறைதல் கூடாது என்பது விதி. அதனோடு நம் விதையை ஒப்பிடலாம். அண்மையில் அறுத்த நெல்லாயின் விதை உறக்கத்தில் இருக்கும். சில வாரங்கள் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். அதுவும் ஒரு பாடமே.

கணக்கை மேலும் வளர்க்கலாம். நூற்றுக்கு 90 முளைக்கும் விதையில் ஓர் உழவர் 20 கிலோ விதைக்கின்றார் என்று கொள்வோம். அதே எண்ணிக்கையில் நாற்றுப் பெற, நூற்றுக்கு 72 முளைக்கும் விதையாயின் எத்தனை கிலோ வேண்டும்? 25 கிலோ. மிகுதியாகக் கொட்டிய 5 கிலோ நெல் எவ்வளவு பணம் என்று தந்தையைக் கேட்கச் சொல்லுங்கள். இக்கணக்கை எந்தப் பிள்ளையும் மறவாது.

பதர் நீக்கும் முறையும் அவ்வாறே. வாளியில் நீர் ஊற்றி, புதிய கோழிமுட்டை ஒன்றை இடுங்கள். அது அடியில் கிடக்கும். உப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டே வந்தால், முட்டை மேலெழுந்து ஒரு நாணய அளவு வெளியே தெரியும். முட்டையை எடுத்துவிட்டு அந்நீரில் விதைநெல்லைக் கொட்டினால் பதரும் அரைகுறை மணிகளும் மிதக்கும். நிறைந்த மணிகள் அமிழும். மிதப்பவற்றை நீக்கி, அமிழ்ந்த விதையை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை கழுவியபின் விதைத்தல் வேண்டும். உழவர் பலர் அறிந்த முறைதான் இது. ஆனால் முட்டை ஏன் எழுந்தது என்று உங்கள் பிள்ளை கேட்கும். உப்பு கரைந்த நீர் அடர்த்தி மிகுந்தது என்பதனை அன்று அது கண்ணால் கண்டறியும்.

அடுத்தது அவரை. வருகின்ற ஆடியில் ஒவ்வொரு பிள்ளையும் கொட்டாங்குச்சியில் மண் நிரப்பி, அடியில் துளையிட்டு, இரண்டு அவரை விதை ஊன்றட்டும். முளைத்தபின் வேலியோரம் இறக்கி நடலாம். நாள், கொடியின் உயரம், இலைகளின் எண்ணிக்கை, ஊற்றிய நீர், கண்ட பூச்சி ஆகிய ஐந்தையும் வாரந்தோறும் எழுதினால் போதும். மெய்யெழுத்துப் பிழையின்றி ஐந்து வரி எழுதுவதே மொழிப் பயிற்சி. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று நாம் சொல்கின்றோம்; ஏன் என்று எத்தனை பேர் பிள்ளைக்குச் சொன்னோம்? பந்தல் அவரை பகற்பொழுது குறுகும் காலத்தில்தான் பூக்கும் இயல்புடையது. சித்திரையில் இன்னொரு விதையை ஊன்றிப் பார்த்தால், கொடி வெறும் இலையாகவே தழைத்து நெடுங்காலம் பூவாதிருப்பதைப் பிள்ளை காணும். இரண்டு கொடிகளின் குறிப்புகளையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதே ஆராய்ச்சியின் முதற்படி.

பரங்கிக் கொடியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பூவின் கீழே சிறு பிஞ்சு திரண்டிருப்பது பெண்பூ. காலையில் எத்தனை ஆண்பூ, எத்தனை பெண்பூ என்று பத்து நாட்கள் எண்ணச் சொல்லுங்கள். மலர்ந்த ஆண்பூ ஒன்றைப் பறித்து, அதன் மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் தொட்டுவைத்து, அப்பூவின் காம்பில் நூல் கட்டி அடையாளமிடட்டும். கட்டிய பூ காய்த்ததா, கட்டாத பூ காய்த்ததா என்று பார்த்தால், தேனீ நமக்குச் செய்யும் வேலை எத்தகையது என்பது தானே விளங்கும்.

மழையை அளத்தல்

மழை அளப்பதும் பிள்ளைகள் வீட்டில் செய்யத்தக்க சிறந்த வேலை. வாயும் அடியும் ஒரே அகலமுள்ள, நேர்ச்சுவர் கொண்ட பாத்திரம் ஒன்றைத் திறந்த வெளியில், மரமும் கூரையும் மறைக்காத இடத்தில், சாயாதபடி வைக்கவேண்டும். நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு, பள்ளி அளவுகோலால் உள்ளே நிற்கும் நீரின் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதிவிட்டு, நீரைக் கொட்டிவிட வேண்டும். வானிலைத் துறையாரும் அதே நேரத்தில்தான் அளக்கின்றனர்.

ஒரு மில்லிமீட்டர் மழை ஓர் ஏக்கரில் பெய்தால் ஏறத்தாழ 4,047 லிட்டர் நீர். நூறு சதுர மீட்டர் மாடியில் 25 மில்லிமீட்டர் பெய்தால் 2,500 லிட்டர். இதனைப் பிள்ளை கணக்கிட்டுச் சொன்னால், வீட்டுக் கூரைநீரைத் தொட்டியில் பிடிக்கவேண்டும் என்று நாம் தனியாக உபதேசிக்க வேண்டிய தேவையில்லை. 2015ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அஃதாவது ஏக்கருக்கு ஏறத்தாழ 20 லட்சம் லிட்டர். நம் மணிமங்கலம், ஆதனூர் ஏரிகளின் உபரிநீர் அடையாற்றில் சேர்கின்றது. முடிச்சூரும் வரதராசபுரமும் அன்று பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. மழையை எண்ணால் அறிந்த பிள்ளை, நாளை இவ்வூராட்சியின் உறுப்பினராகும்பொழுது, ஏரிக் கலங்கலையும் வரத்துக் கால்வாயையும் அடைத்து மனை பிரிக்க ஒருக்காலும் இசையாது என்று நாம் நம்புகின்றோம்.

கை கற்பிக்கும் பாடம்

இனிக் கைவேலைக்கு வருவோம். இதற்கு விலைகொடுத்து ஒன்றும் வாங்க வேண்டுவதில்லை. பனை நம் மாநில மரம். 2021ஆம் ஆண்டு வேளாண்மை நிதிநிலை அறிக்கையில், மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாது என்று அறிவிக்கப்பட்டது. ஏரிக்கரைப் பனையின் ஓலையை ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் கிழிப்பதற்கே பிள்ளைக்கு அளவுகோல் வேண்டும். நெடுக்கில் பன்னிரண்டு, குறுக்கில் பன்னிரண்டு என்று முடைந்தால் 144 கட்டங்கள். வாய்பாடு அங்கே பரப்பளவாகக் காட்சி தருகின்றது. ஒன்று விட்டு ஒன்று முடைந்தால் ஒரு கோலம். இரண்டு விட்டு இரண்டு முடைந்தால் வேறொரு கோலம். ஒற்றைப்படை, இரட்டைப்படை என்பவை விரலில் ஏறுகின்றன.

தென்னை நாரைக் கயிறாகத் திரிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கமாக முறுக்கி, இரண்டு புரிகளையும் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கினால்தான் கயிறு பிரியாமல் நிற்கும். ஏன்? இரண்டு முறுக்குகளும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. தனிப் புரியில் எத்தனை கல் தொங்கவிட்டால் அறுகின்றது, கயிற்றில் எத்தனை கல் தாங்குகின்றது என்று பிள்ளைகளே சோதிக்கலாம்.

களிமண்ணும் அப்படியே. ஒரு மண்பானையிலும் ஓர் எவர்சில்வர் குடத்திலும் ஒரே நேரத்தில் ஒரே நீரை நிரப்பி நிழலில் வைத்து, மாலையில் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பானையின் நுண்துளைகள் வழியே கசிந்த நீர் ஆவியாகும்பொழுது வெப்பத்தை எடுத்துச் செல்வதால் உள்ளிருக்கும் நீர் குளிர்கின்றது. குயவர் பெருமகனின் கைத்திறனில் இயற்பியல் அடங்கியிருக்கின்றது என்பதைப் பிள்ளை அன்று உணரும். அவ்வாறு உணர்ந்த பிள்ளை, அவரை இழிவாக அழைக்குமோ?

இவையெல்லாம் நம் ஊருக்கு மட்டும் உரிய எண்ணங்கள் அல்ல. பின்லாந்து நாட்டில் 1866ஆம் ஆண்டிலேயே தொடக்கப் பள்ளியில் கைவேலை கட்டாயப் பாடமாயிற்று. ஜப்பானில் தொடக்கப் பள்ளியின் முதல் வகுப்புப் பிள்ளைகள் காலையில் மலரும் கொடிப்பூ ஒன்றை ஆளுக்கொரு தொட்டியில் வளர்த்து, படம் வரைந்து குறிப்பெழுதி, கோடை விடுமுறையில் தொட்டியை வீட்டுக்கு எடுத்துச்சென்று வளர்ப்பது வழக்கம். எந்திரங்களில் மேம்பட்ட அந்நாடுகள் கைவேலையை ஏழைப் பிள்ளைக்கென்று ஒதுக்கவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதாக்கின என்பதே நாம் கருதத்தக்கது.

எல்லைகள்

பெற்றோருக்குச் சில எச்சரிக்கைகள். 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 14 வயது நிறையாத குழந்தையை எத்தொழிலிலும் வேலைக்கு அமர்த்துதல் குற்றம். குடும்பத் தொழிலில் தீங்கற்ற வேலைகளில், பள்ளி நேரத்துக்குப் பின்னரோ விடுமுறையிலோ பிள்ளை துணைபுரிவதைச் சட்டம் விலக்கியுள்ளது. அவ்விலக்கை வேலியாகக் கொள்ளுங்கள், வாயிலாக ஆக்கிவிடாதீர்கள். நாளுக்கு அரைமணி முதல் முக்கால்மணி நேரம் போதும். விளையாட்டு நேரத்தையும் பறித்தல் கூடாது.

பூச்சிக்கொல்லி மருந்தின் அருகே பிள்ளையை விடாதீர்கள். அம்மருந்தைப் பூட்டி வையுங்கள். கைப்பிடிச் சுவரில்லாத கிணறு, மின்மோட்டார், கூரிய அரிவாள் ஆகியவற்றின் பக்கம் தனியே அனுப்பாதீர்கள். மற்றொன்று: பிள்ளையின் நோட்டில் நீங்கள் எழுதாதீர்கள். செடி பட்டுப்போனால் ‘பட்டுப்போயிற்று’ என்றே எழுதட்டும்.

எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள், நாம் எங்ஙனம் கற்பிப்பது என்று தயங்க வேண்டா. விதையின் பெயரும் பருவமும் பக்குவமும் உங்களுக்குத் தெரியும். நீங்கள் சொல்லுங்கள், பிள்ளை எழுதட்டும். அன்று அவ்வீட்டில் ஆசிரியர் நீங்களே.

ஊராட்சி செய்யத்தக்கவை

ஊராட்சி உறுப்பினர்களுக்கு நான்கு வேண்டுகோள்கள். முதலாவதாக, கொல்லைப்புறம் இல்லாத வீடுகள் இப்பொழுது மிகுதி. அவ்வீட்டுப் பிள்ளைகளுக்காக நூலகத்தின் அருகிலோ, அங்கன்வாடியின் அருகிலோ ஊராட்சிக்குச் சொந்தமான சிறு இடம் ஒன்றை வேலியிட்டு, நீர் வசதியுடன் ஒதுக்குங்கள். ஒரு சென்ட் நிலம் 435 சதுர அடிக்கும் சற்று மிகுதி. பாத்திகள் பிரித்தால் இருபது பிள்ளைகளுக்குப் போதும்.

இரண்டாவதாக, ஊரில் ஓலை முடையவும் பானை வனையவும் கூடை பின்னவும் அறிந்த முதியோரைத் திங்களுக்கு ஒருநாள் அழைத்து, பிள்ளைகளுக்குக் காட்டச் செய்யுங்கள். அவர்களை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். நாற்காலியில் அமரச்செய்து, ஆசிரியர்க்குரிய மதிப்பும் அன்றைய கூலியும் அளித்தல் கடமை. எந்தத் தெருவினராயினும் ஒரே வரிசையில் அமர்த்துங்கள்.

மூன்றாவதாக, விதைக்கும் ஐயந்தெளிதலுக்கும் தோட்டக்கலை, வேளாண்மை அலுவலர்களை நாடுங்கள். காட்டுப்பாக்கத்தில் வேளாண்மை அறிவியல் நிலையம் நமக்கு அண்மையிலேயே உள்ளது. பிள்ளைகள் எழுப்பும் கேள்விகளைத் தொகுத்துக்கொண்டு போனால் விடை கிடைக்கும்.

நான்காவதாக, ஆடியில் ஊன்றிய அவரை தையில் காய்த்திருக்கும். சனவரி 26ஆம் நாள் கிராம சபை கூடும்பொழுது, வரவுசெலவுக் கணக்கு வைக்கும் மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு மேசையிட்டு, பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களை வையுங்கள். பரிசுப் போட்டி வேண்டா. ஊரின் மழைக் கணக்கை ஒரு பிள்ளை எழுந்து படிக்கட்டும். ஊரார் கேட்கட்டும். அதனினும் பெரிய பரிசு வேறில்லை.

முடிவாக

அந்தக் குத்தகை உழவரின் கதையை முடிக்காமல் விட்டுவிட்டோம். அன்று அவரிடம் நாம் சொன்னது இதுதான்: “ஐயா, உங்கள் மகளை வயலில் இறக்கச் சொல்லவில்லை. உங்கள் விதையை அவள் சோதிக்கட்டும் என்கின்றோம்.” அவர் முழுமனத்தோடு ஒப்பவில்லை. ஏழாம் வகுப்புப் படித்த அச்சிறுமிதான் ஒப்புக்கொண்டாள். வீட்டுக் குதிரிலிருந்து 100 நெல்மணிகளை எண்ணித் துணியில் சுருட்டி வைத்தாள். ஏழாம் நாள் பிரித்துப் பார்த்தபொழுது 64 மணிகளே முளைத்திருந்தன. ஒருமுறை போதாதென்று தானாகவே மீண்டும் செய்து பார்த்தாள், அப்பொழுது 61. நோட்டில் இரண்டையும் எழுதி, ‘இந்த விதை வேண்டாம்’ என்று அடியில் கோடிட்டிருந்தாள். தந்தை வேளாண்மை விரிவாக்க மையத்துக்குச் சென்று வேறு விதை வாங்கினார்.

நாம் மீண்டும் அவ்வூருக்குச் சென்றபொழுது அவர் நம்மைத் தேடிவந்து, அந்நோட்டைக் காட்டினார். “என் தாய் நட்டாள், என் மனைவி நடுகிறாள், எதை நடுவது என்று எங்கள் வீட்டில் சொன்னவள் இவள்தான், ஐயா” என்றார். அவருடைய அச்சம் நீங்கியது என்று நாம் சொல்ல மாட்டோம். மகள் சேற்றில் இறங்கக் கூடாது என்றே அவர் இன்னமும் விரும்புகின்றார். அவ்விருப்பத்தை நாம் மதிக்கின்றோம். அவள் உழவராகலாம், பொறியாளராகலாம், மருத்துவராகலாம். அது அவள் தேர்வு. ஆனால் எதுவாயினும், தன் கையால் எண்ணிப் பார்த்து உண்மையைத் துணிந்து எழுதும் பழக்கம் அவளோடு செல்லும்.

ஆடி பிறக்க இன்னும் சில நாட்களே உள்ளன. வீடு திரும்பியதும் உங்கள் பிள்ளையை அழைத்து, விதைப்பானையைக் காட்டி, நூறு மணிகளை எண்ணச் சொல்லுங்கள். செலவு ஒரு பழந்துணியும் நான்கு பக்கத் தாளுமே. அறுவடை எவ்வளவு என்பதைத் தை மாதக் கிராம சபையில் நாம் கூடிப் பார்ப்போம்.